கிரனாடாவைப் பயணத்திலிருந்து நீக்கிவிடலாமா? (ஸ்பெயின், மே மாதம், அம்மா அப்பாவுடன்)

பயணப்பை:
எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் ஸ்பெயின் போகிறோம். நான், மனைவி, என் அம்மா, அப்பா. மொத்தம் 9 நாள். மாட்ரிட் இரண்டு நாள், கோர்தோபா ஒரு நாள், செவில் மூன்று நாள், கிரனாடா இரண்டு நாள், மீதி அலைச்சலுக்கு என்று போட்டு வைத்திருந்தேன். இப்போது கிரனாடாவை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். காரணம் மூன்று. அங்கே குன்றின் மேல் உள்ள பழைய அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவுக்குக் காலை நேரச் சீட்டு எதுவும் இல்லை. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி, ஊரே மேடு பள்ளம் என்கிறார்கள். அதோடு போய் வந்த நண்பர் ஒருவர், "செவில் அரண்மனையைப் பார்த்தால் போதும், அதே சுண்ணச் சிற்பம், அதே ஓடு, அதே குளம்" என்றார். இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்பா பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும்தான் கிரனாடா கிரனாடா என்கிறார், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நீர்க்கோடு:
நீக்காதீர்கள். உங்கள் அப்பா பாசனப் பிரிவில் இருந்தவர் என்றால் செவிலில் ஒரு நாளைக் குறைத்தாவது கிரனாடாவை வைத்துக்கொள்ளுங்கள். நான் ஸ்பெயினில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன், வேலையும் தண்ணீர் சம்பந்தப்பட்டதுதான். அல்ஹம்ப்ராவுக்கு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறை எல்லோரையும் போலச் சுவரையும் கூரையையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது முறை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து போனேன். அன்றைக்குத்தான் அந்த இடம் எனக்குப் புரிந்தது.

அல்ஹம்ப்ரா நிற்கும் குன்றின் பெயர் சபீகா. மேலே ஊற்று கிடையாது. தர்ரோ ஆறு கீழே பள்ளத்தாக்கில் ஓடுகிறது. 11ஆம் நூற்றாண்டில் கிரனாடாவை ஆண்ட சீரி வம்சத்து முஸ்லிம் அரசர்கள் அங்கே ஒரு கோட்டை வைத்திருந்தார்கள். அவர்கள் தண்ணீருக்காக ஆற்றங்கரை வரை மதில் சுவர் இறக்கி, அதன் காவலில் போய் மொண்டுவர வேண்டியிருந்தது. கோட்டைக்கு அது போதும், அரண்மனைக்கும் தோட்டத்துக்கும் எப்படிப் போதும்? 1238இல் முதலாம் முகம்மது வந்து கிரனாடாவைத் தலைநகராக்கினார். நஸ்ரி வம்சம் அவரோடு தொடங்குகிறது. அவர் கையில் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று வாய்க்கால். ஆற்றில் சுமார் 6 கி.மீ. மேலே போனால் ஆற்றுப் படுகையே இந்தக் குன்றைவிட உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓர் அணை கட்டி, மலைச் சரிவை ஒட்டியே மெல்லிய சாய்வில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். தண்ணீரை மேட்டுக்கு ஏற்றவில்லை, மேட்டைவிட உயரமான இடத்திலிருந்து இறக்கினார்கள். அரச வாய்க்கால் என்று பெயர், ஸ்பானிய மொழியில் அசேக்கியா ரியால். முதலில் ஹெனரலிஃபே தோட்டத்துக்குள் நுழைகிறது, அப்புறம் ஒரு பாலத்தின் மேல் பள்ளத்தைத் தாண்டி, தண்ணீர்க் கோபுரத்துக்குப் பக்கத்தில் அல்ஹம்ப்ராவுக்குள் போகிறது. அசேக்கியா என்பதே அரபுச் சொல்தான். குளத்துக்கு அல்பெர்க்கா, நிலத்தடித் தொட்டிக்கு அல்ஹிபே, நீர்ச் சக்கரத்துக்கு நோரியா. ஸ்பெயினில் தண்ணீரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் பாதி அரபுதான் வரும்.

இனி உள்ளே. கோமாரெஸ் அரண்மனையில் மிர்ட்டில் முற்றம் என்று ஒன்று. நடுவில் 34 மீட்டர் நீளக் குளம், இரண்டு பக்கமும் மிர்ட்டில் செடி வேலி. குளத்தின் இரு முனையிலும் தரையோடு தரையாக வட்டமான சலவைக்கல் கிண்ணம் இருக்கும். தண்ணீர் அதில் ஊறி, ஒரு சிறு கால்வாயில் தவழ்ந்து, வேகம் முழுக்கத் தணிந்த பிறகே குளத்தில் சேரும். ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? மேற்பரப்பில் அலை எழும்பக் கூடாது. அலை எழும்பினால் 45 மீட்டர் கோபுரம் தலைகீழாகத் தெரியாது. கோபுரத்துக்குள்தான் அரியணை மண்டபம். அரசரைப் பார்க்க வரும் தூதர் முதலில் தண்ணீரில் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த முற்றம் சிங்க முற்றம். அங்கே தண்ணீருக்கு வேறு வேலை. 12 சிங்கங்களின் வாயிலிருந்து கொட்டும், சுற்றியுள்ள மண்டபங்களின் உள்ளேயிருந்து தரையில் வெட்டிய கால்வாய்கள் வழியாக நடுவுக்கு ஓடிவரும். முதல் முற்றத்தில் நிசப்தம், இரண்டாவதில் சலசலப்பு. ஒரே வாய்க்கால்தான். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், நான் சொல்வது தெரியும்.

காலைரயில்:
நீர்க்கோடு சொல்வதைக் கேட்டால் எனக்கே மறுபடி போக ஆசையாக இருக்கிறது. நான் சீட்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டவள்.

சீட்டில் அச்சாகும் நேரம் நஸ்ரி அரண்மனைகளுக்கு மட்டும். அந்த நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும், தவறினால் விடமாட்டார்கள். தோட்டமும் அல்காசபா கோட்டையும் அதே நாளில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முறைதான் நுழையலாம். ஆகவே காலை நேரம் கிடைக்கவில்லை என்று கவலைப்படாதீர்கள், மாலைச் சீட்டுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். மே மாதம் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். பேருந்துக் கூட்டங்கள் மதியத்தோடு குறைந்துவிடும்.

ஒவ்வொருவர் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணோடு சீட்டு வாங்க வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், உள்ளே பல இடங்களில் கேட்பார்கள். நாங்கள் அவசரத்தில் ஓர் இடைத்தரகர் தளத்தில் கூடுதல் விலைக்கு வாங்கினோம். வந்த சீட்டில் என் கணவரின் பெயர் வேறு யாரோ ஒருவருடைய பெயராக இருந்தது. அவர் வெளியிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய் ஒரு சுவரைக்கூட மனதாரப் பார்க்கவில்லை. அரசுத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். அங்கே தீர்ந்துவிட்டால் நகரச் சுற்றுலா அட்டை என்று ஒன்று விற்கிறார்கள், அதில் அல்ஹம்ப்ராவும் அடக்கம், அதற்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதுவும் இல்லையென்றால் இரவுச் சீட்டு. இரவில் அரண்மனைக்கு ஒரு சீட்டு, தோட்டத்துக்கு வேறு சீட்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வரலாற்றுத்திண்ணை:
"செவிலைப் பார்த்தால் போதும்" என்று சொன்ன நண்பருக்கு ஒரு பதில். செவிலில் நீங்கள் பார்க்கப்போகும் அந்த அழகான அரண்மனையைக் கட்டியவர் முஸ்லிம் அரசரே இல்லை. காஸ்டீல் நாட்டின் கிறிஸ்தவ அரசர் பெத்ரோ, 1360களில் கட்டினார். அவருக்கும் கிரனாடாவின் ஐந்தாம் முகம்மதுவுக்கும் நெருங்கிய நட்பு. முகம்மது 1359இல் அரியணையை இழந்து ஓடினார், பெத்ரோவின் உதவியோடு 1362இல் திரும்பி வந்தார். கிரனாடாவிலிருந்து கைவினைஞர்கள் செவிலுக்குப் போய் வேலை செய்தார்கள். பெத்ரோவின் அரண்மனை முகப்பை உற்றுப் பாருங்கள். நீல ஓட்டில், கட்டம் கட்டமான கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில், "இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை" என்று மறுபடி மறுபடி எழுதியிருக்கும். அது நஸ்ரி வம்சத்தின் வாசகம். ஒரு கிறிஸ்தவ அரசர் தன் வாசலிலேயே அதை வைத்துக்கொண்டார். அதே வாசகம் அல்ஹம்ப்ரா முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் வரும். செவிலில் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டு கிரனாடா போங்கள், சுவர் உங்களோடு பேசும். சிங்க முற்றம் முகம்மது திரும்பி வந்த பிறகு கட்டியது. இரண்டும் ஒரே தலைமுறையின் வேலை, ஒன்றைப் பார்த்தால் மற்றதைத் தவறவிட மனம் வராது.

இன்னொன்று. அல்ஹம்ப்ராவில் விலையுயர்ந்த பொருள் அதிகம் கிடையாது. தூண்கள் சலவைக்கல், மற்றதெல்லாம் சுண்ணச் சாந்து, மரம், சுட்ட ஓடு. அரியணை இருந்த தூதர் மண்டபத்தின் கூரை 8,017 மரத் துண்டுகளால் ஆனது, ஏழு வானங்களைக் காட்டுகிறது. இரு சகோதரிகள் மண்டபத்தின் கூரை 5,000க்கும் மேற்பட்ட சாந்துத் துண்டுகள், தேன்கூடு கவிழ்ந்து தொங்குவது போல. அபென்செர்ராஹே மண்டபத்தில் ஒரு தொட்டியில் செங்கறை இருக்கும், அங்கே வெட்டிக் கொல்லப்பட்ட அபென்செர்ராஹே குடும்பத்தாரின் இரத்தம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது இரும்புத் துரு. கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கூரையைப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.

கிழக்குக்கரை:
நான் மட்டக்களப்புப் பக்கம். இந்த இழையை ஆர்வமாக வாசித்துக்கொண்டு வருகிறேன். ஒரு கேள்வி. ஸ்பெயினில் இவர்களை "மூர்" என்கிறார்கள். இலங்கையில் எங்களையும் ஆவணங்களில் "இலங்கை மூர்" என்றுதான் பதிகிறார்கள், தமிழில் சோனகர். எங்களுக்கும் கிரனாடாவுக்கும் இரத்த உறவு ஏதும் உண்டா? சின்ன வயதில் ஒரு மௌலவி உண்டு என்று சொன்னார்.

வரலாற்றுத்திண்ணை:
கிழக்குக்கரை, நல்ல கேள்வி. உறவு பெயரில் உண்டு, வம்சத்தில் இல்லை. ஐபீரியாவில், அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள தீபகற்பத்தில், வாழ்ந்த முஸ்லிம்களை ஸ்பானியர்களும் போர்த்துக்கீசியர்களும் மோரோ, மூரோ என்றார்கள். போர்த்துக்கீசியர்கள் 1505இல் இலங்கைக் கரைக்கு வந்தபோது அங்கே வணிகம் செய்த முஸ்லிம்களைப் பார்த்து, தங்கள் ஊரில் பழகிய அதே சொல்லை வைத்துவிட்டார்கள். 1492இல் கிரனாடா கிறிஸ்தவ அரசர்களிடம் வீழ்ந்து அப்போது 13 ஆண்டுதான் ஆகியிருந்தது, போர் நினைவு சூடாக இருந்த காலம். சோனகர் என்ற சொல் அதைவிட எத்தனையோ பழையது, அது தமிழின் சொந்தக் கணக்கு.

1492 பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஜனவரி 2 அன்று கடைசி அரசர் போஅப்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். உடன்படிக்கையில் மதத்துக்கும் மொழிக்கும் சட்டத்துக்கும் பாதுகாப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 31 அன்று, அதே அல்ஹம்ப்ராவில் வைத்து, யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணையில் கையெழுத்தானது. 1499இல் பேராயர் சிஸ்நேரோஸ் வந்து கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார், அரபு நூல்களைச் சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள். 1609இலிருந்து, மதம் மாறியவர்களின் பேரப்பிள்ளைகளைக்கூட நாடு கடத்தினார்கள். போஅப்தில் மலைக் கணவாயில் திரும்பிப் பார்த்து அழுதார், தாய் ஏசினார் என்ற கதையை எல்லா வழிகாட்டியும் சொல்வார். அது பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட கதை. எழுதிக் கொடுத்த வாக்கு பத்து ஆண்டுகூட நிற்கவில்லை என்பதை ஏனோ குறைவாகத்தான் சொல்கிறார்கள்.

மரத்தூண்:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கோர்தோபாதான் உயர்ந்தது. 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பள்ளிவாசல், நூற்றாண்டுகளாகப் பெரிதாகிக்கொண்டே போனது. இன்று 856 தூண்கள், சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண் வரிசை முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் 16ஆம் நூற்றாண்டில் பேராலயத்தைச் செருகியிருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. அல்ஹம்ப்ராவில் நான் போனது ஆகஸ்ட் மாதம். வெயில், வரிசை, தோளை இடிக்கும் கூட்டம். சிங்கங்களை நான்கு தலைகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்தேன். கோர்தோபாவில் காலையில் போனேன், ஒரு தூணில் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் நின்றேன், யாரும் கேட்கவில்லை. வயதான பெற்றோருக்குச் சமதளமும் அதுதான். கோர்தோபாவுக்கு ஒரு நாள் மட்டும் என்பது அநியாயம். ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றால் கிரனாடாவைக் குறையுங்கள்.

நீர்க்கோடு:
மரத்தூண், கோர்தோபா பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். அதை நானும் நேசிக்கிறேன். ஆனால் கோர்தோபா ஒரு கட்டடத்துக்குள் முடிந்துவிடுகிறது. கிரனாடாவில் அரண்மனை, தோட்டம், எதிர்க் குன்றில் அல்பைசின் குடியிருப்பு, பின்னால் பனிமலை, எல்லாம் ஒரே நீர்க் கணக்கில் கட்டுண்டவை. அல்பைசினில் நடந்தால் சந்துக்குச் சந்து செங்கல் வளைவு வைத்த பழைய நிலத்தடித் தொட்டிகளைப் பார்க்கலாம், இருபதுக்கும் மேல் இன்னும் நிற்கின்றன. உயரமான சுவருக்குள் மறைந்திருக்கும் தோட்ட வீட்டுக்குக் கார்மென் என்று பெயர். வெளியிலிருந்து வெறும் சுவர், கதவு திறந்திருந்தால் உள்ளே மாதுளை, எலுமிச்சை, ஒரு சிறு நீரூற்று. கிரனாடா என்றால் ஸ்பானிய மொழியில் மாதுளை, நகரத்தின் சின்னமும் அதுதான்.

பின்னால் தெரியும் சியர்ரா நெவாடாவின் உச்சி 3,479 மீட்டர், பெயர் முல்ஹாசேன். போஅப்திலின் தந்தை முலை ஹசனின் பெயர் அது. அந்த மலைச் சரிவுகளில் வேறொரு வகை வாய்க்கால் உண்டு, உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பனி உருகும் காலத்தில் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகாமல், வேண்டுமென்றே பாறை வெடிப்புள்ள இடத்தில் மண்ணுக்குள் இறங்க விடுவார்கள். அது மலைக்குள்ளேயே மெதுவாக நகர்ந்து, கோடையில் கீழே உள்ள ஊர்களில் ஊற்றாக எழும்பும். மூர்கள் காலத்து ஏற்பாடு. இடையில் பல தூர்ந்துபோயின, இப்போது கிரனாடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களும் மண்வெட்டியோடு போய் ஒவ்வொன்றாகத் தூர்வாரி மீட்கிறார்கள்.

கூட்டம் உண்மைதான். அதற்கு ஆகஸ்ட்டில் போகாமல் இருப்பதும், மாலையில் போவதும்தான் வழி.

பச்சைமிளகாய்:
சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே! நாங்கள் சைவம். கிரனாடாவில் ஒரு பானம் வாங்கினால் ஒரு சிறு தட்டு இலவசமாக வரும், தப்பாஸ். ஸ்பெயினில் எல்லா ஊரிலும் இது இலவசம் இல்லை, இங்கே இன்னும் அந்த வழக்கம் இருக்கிறது. பழச்சாறு வாங்கினாலும் பெரும்பாலும் தருவார்கள். ஆனால் தட்டில் பன்றித் தொடை இறைச்சி எங்காவது ஒளிந்திருக்கும். "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்றால் போதாது, ஹமோன் என்னும் அந்தத் தொடை இறைச்சியை அவர்களில் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ (மீன் இல்லாமல்)" என்று மூன்றையும் சொல்லுங்கள். சால்மொரேஹோ என்ற கெட்டித் தக்காளி சூப் நன்றாக இருக்கும், மேலே முட்டையும் ஹமோனும் தூவுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கட்டாயம் கேட்க வேண்டியது பெரென்ஹேனாஸ் கோன் மியெல். கத்தரிக்காயை மெல்லியதாக நறுக்கிப் பொரித்து, கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். கரும்பும் கத்தரியும் அரபுகள் கொண்டுவந்தவை. பெரென்ஹேனா என்ற சொல்லைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அரபு, பாரசீகம், வடமொழி என்று போய், கடைசியில் நம் வழுதுணங்காய்ப் பக்கம் வந்து நிற்கிறது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். ஆரஞ்சுக்கு அவர்கள் சொல்லும் நரான்ஹாவும் இதே வழிதான், நாரத்தையின் உறவு. அல்ஹம்ப்ராவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அதைச் சாப்பிட்டபோது எனக்கு ஏதோ சொந்த வீட்டில் சாப்பிட்டது போல இருந்தது.

பயணப்பை:
எல்லோருக்கும் நன்றி. இழை முழுவதையும் அப்பாவுக்கு அச்செடுத்துக் கொடுத்தேன். வாய்க்கால் பகுதியைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். கிரனாடா இருக்கிறது! செவிலில் ஒரு நாளைக் குறைத்துக் கோர்தோபாவுக்குக் கொடுத்துவிட்டேன், மரத்தூண் அவர்களுக்கும் நன்றி. அரசுத் தளத்தில் மாலை 5.30க்கு நான்கு சீட்டு கிடைத்தது. அம்மாவின் முழங்கால்தான் பாக்கி. எப்படி மேலே போவது?

காலைரயில்:
மேலே நடக்க வேண்டாம். ஊர் நடுவிலிருந்து சி30, சி32 என்று சிவப்பு நிறச் சிறு பேருந்துகள் போகின்றன. சந்துகளில் போவதற்கென்றே குட்டியாக இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் வாசலில் இறங்கி, முதலில் ஹெனரலிஃபே, பிறகு மெதுவாக அரண்மனைப் பக்கம். இரண்டுக்கும் நடுவே அம்மாவின் நடைக்கு அரை மணி நேரம் வையுங்கள். நடுவில் பிற்காலக் கிறிஸ்தவ அரசரான ஐந்தாம் கார்லோஸின் அரண்மனை வரும். 1527இல் தொடங்கியது, வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். அதற்குச் சீட்டு வேண்டாம், நிழலில் உட்காரலாம். நேரம் வரும்வரை அங்கேயே இருங்கள். அல்காசபா கோட்டைக் கோபுரத்தில் ஏறுவதை அம்மா விட்டுவிடலாம், அங்கே வெறும் காட்சிதான். அல்பைசினுக்கும் பேருந்து உண்டு. சான் நிக்கோலாஸ் மேட்டில் மாலை வெயிலில் மொத்தக் கோட்டையும் சிவக்கும், அல்ஹம்ப்ரா என்றால் "சிவந்தது" என்றுதான் பொருள். கூட்டத்தில் பணப்பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணப்பை:
போய் வந்துவிட்டோம். ஊர் திரும்பி நான்கு நாள் ஆகிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஹெனரலிஃபேயில் முதலில் வரும் பெரிய பசுந்தோட்டங்கள் 20ஆம் நூற்றாண்டில் போட்டவை என்று அங்கே தெரிந்துகொண்டேன், அதனால் அவற்றை வேகமாகக் கடந்தோம். உள்ளே வாய்க்கால் முற்றம். நடுவில் நீளமாக வாய்க்கால், இரு கரையிலும் பூச்செடிகள், இரண்டு பக்கமிருந்தும் நீர்த்தாரைகள் வளைந்து விழுகின்றன. எல்லோரும் அந்தத் தாரைகளைத்தான் படம் எடுத்தார்கள். அப்பா அவற்றைப் பார்த்ததும், "இது பழசா இருக்காதே, இவ்வளவு அழுத்தத்தை இங்கே எதுக்கு வீணாக்கப்போறான்?" என்றார். வழிகாட்டியிடம் கேட்டேன். 19ஆம் நூற்றாண்டில் சேர்த்ததாம். அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அதன் பிறகு தாரைகளை விட்டுவிட்டு வாய்க்காலின் விளிம்பிலேயே குனிந்து நடந்தார். சாய்வு எவ்வளவு, வண்டல் எங்கே தங்கும், யார் தூர்வாருவார்கள் என்று எனக்குப் பதில் தெரியாத கேள்விகள்.

தண்ணீர்ப் படிக்கட்டுக்கு அம்மா ஏறமாட்டார் என்று நினைத்தேன். மேலே மரங்கள் கூரை போல மூடிய நிழல். படிக்கட்டின் இரு பக்கக் கைப்பிடிச் சுவரின் மேலேயே ஓட்டுக் கால்வாய் வைத்து, அதில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வட்ட மேடை, சின்ன ஊற்று. அம்மா கைப்பிடியைப் பிடிக்கப் போனவர், தண்ணீரில் கை பட்டதும் எடுக்கவில்லை. ஓட்டத்துக்கு எதிராக உள்ளங்கையை வைத்துக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினார். இரண்டாவது மேடையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மேலே போய் வரும்வரை கையை அதிலேயே வைத்திருந்தார். "இந்தத் தண்ணி ரொம்ப தூரத்திலேருந்து வருதுன்னு கை வச்சாலே தெரியுதுடா, அவ்வளவு ஜில்லுன்னு இருக்கு" என்றார்.

5.30க்கு உள்ளே போனோம். மிர்ட்டில் முற்றத்தில் கூட்டம் இருந்தது, ஆனால் இடிபடவில்லை. மேலே உழவாரன் குருவிகள் கிறீச்சிட்டுக்கொண்டு வட்டமடித்தன, ஒன்றிரண்டு குளத்தைத் தொட்டுக்கொண்டு போயின. தொட்ட இடத்தில் கோபுரம் ஒரு நொடி நடுங்கி மறுபடி நின்றது. நீர்க்கோடு சொன்ன அந்த வட்டக் கிண்ணத்தின் பக்கத்தில் அப்பா பத்து நிமிடம் நின்றார். காவலர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சிங்க முற்றத்தில் நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தெரிந்தது. 124 தூண்களையும் எண்ண வேண்டும் என்று போனவன், ஒன்றைக்கூட எண்ணவில்லை. சிங்கங்கள் மேல் இருக்கும் தொட்டியின் விளிம்பில் அரசவைக் கவிஞர் இப்னு சம்ரக்கின் கவிதை வெட்டியிருக்கிறது. ஓடுவது தண்ணீரா, பளிங்கா என்று பிரித்தறிய முடியவில்லை என்ற பொருள் வருமாம். மாலை வெளிச்சத்தில் அது வெறும் புகழ்ச்சியாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலை தர்ரோ ஆற்றங்கரையில் நடந்தோம். 11ஆம் நூற்றாண்டுக் குளியலறை ஒன்று அப்படியே நிற்கிறது, கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள் வழியாக வெளிச்சம் விழுகிறது. அப்புறம் அல்பைசின், கத்தரிக்காய், எல்லாம் ஆனது. பச்சைமிளகாய், அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டார். கோர்தோபாவும் பிரமாதம், அதைத் தனி இழையாக எழுதுகிறேன்.

கிழக்குக்கரை:
வாசிக்கும்போது நானும் கூட நடந்ததுபோல இருந்தது. அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

பயணப்பை:
இரண்டு நாள் வீக்கம் இருந்தது, இப்போது பரவாயில்லை. அப்பாதான் விடமாட்டேன் என்கிறார். நீர்க்கோடு, அந்த அணை இன்னும் இருக்கிறதா? நடந்து போக முடியுமா? அடுத்த ஆண்டு அதற்காகவே போக வேண்டும் என்கிறார்.

நீர்க்கோடு:
தர்ரோ பள்ளத்தாக்கில் மேலே ஹெசூஸ் தெல் வாயே என்று ஒரு பழைய பண்ணை வீடு சிதைந்து கிடக்கிறது, அணை கட்டிய இடம் அந்தப் பக்கம்தான். மலைப் பாதையில் போக வேண்டும், பாதி நாள் ஆகும். வழியில் தோட்டங்களுக்கு மேலே பழைய நீர்த்தேக்கத் தொட்டிகளையும் பார்க்கலாம். வாய்க்கால் மட்டத்துக்கு மேலே இருந்த நிலத்துக்கு மாடு கட்டிய சக்கரம் வைத்துத் தண்ணீர் இறைத்த இடங்கள் அவை. அப்பாவை ஏப்ரலில் அழைத்து வாருங்கள், பனி உருகும் நேரம், ஆற்றில் தண்ணீர் இருக்கும். தேதி முடிவானதும் எனக்குத் தனிமடல் போடுங்கள், நானும் கூட வருகிறேன்.